கர்ப்பப்பை எது, சினைப்பை எது? ஏலத்தோட்டத்து ஜீப்பில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

கம்பம் பள்ளத்தாக்கில் கிராம நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் ஊர்ப் பெண்கள் விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப் ஏறி, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போய், பொழுது சாய வீடு திரும்புகிறவர்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் பாதிப் பேர் கட்டப்பனையில் காட்டுவார்கள், பாதிப் பேர் கம்பத்தில் காட்டுவார்கள். அங்கே மலையாளத்தில் ஒரு பெயர், இங்கே தமிழில் ஒரு பெயர், சீட்டில் இங்கிலீஷில் ஒரு பெயர். கடைசியில் எல்லாம் கலந்து என்னிடம் வரும்.

வருஷக்கணக்காக ஒரே கேள்விகளைக் கேட்டுக் கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். வெட்கத்தில் விழுங்கிய சொற்களை மட்டும் நான் சேர்த்துக்கொண்டேன்.

“கர்ப்பப்பை, சினைப்பை, கருக்குழாய்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதானே நர்சம்மா?”

ஒன்றில்லை. மூன்றும் வேறு வேறு. ஒரு கொய்யாப்பழத்தைக் காம்பு கீழே பார்க்கும்படி தலைகீழாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அதுதான் கர்ப்பப்பை. கர்ப்பம் இல்லாத நேரத்தில் நீளம் 7, 8 சென்டிமீட்டர்தான். முன்னால் மூத்திரப்பை, பின்னால் மலக்குடல், நடுவில் இது. சுவர் முழுக்கத் தடித்த தசை. குழந்தை வளர வளர விரிந்து, பிரசவம் முடிந்து ஆறு வாரத்தில் ஏறக்குறைய பழைய அளவுக்குத் திரும்பிவிடும். கொய்யாவின் காம்புப் பக்கம் கர்ப்பப்பை வாய். அதற்குக் கீழே வெளியே வரும் வழிதான் யோனி.

கொய்யாவின் மேல்பக்கம் இரண்டு தோளிலிருந்தும் ஒவ்வொரு குழாய் கிளம்புகிறது. அவை கருக்குழாய்கள். ஒவ்வொன்றும் 10 முதல் 12 சென்டிமீட்டர். குழாயின் நுனி விரல் விரலாகப் பிரிந்திருக்கும். அந்த விரல்களுக்குப் பக்கத்தில், தோல் உரிக்காத பாதாம் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிதாக, பக்கத்துக்கு ஒன்றாக இருப்பவை சினைப்பைகள். முட்டை இருப்பது இங்கேதான், கர்ப்பப்பையில் இல்லை. பெண்ணுக்கான ஹார்மோன்களைச் சுரப்பதும் இதுதான். இந்த ஒரு வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

“மூத்திரம் போற வழியும் பிள்ள வர்ற வழியும் ஒண்ணுதானா?”

நாலு பிள்ளை பெற்ற ஒரு அம்மா கேட்ட கேள்வி இது. சிரிக்க ஒன்றுமில்லை, கண்ணால் பார்க்க முடியாத இடம். பெண்ணுக்கு மூன்று துவாரங்கள். முன்னால் மூத்திரத் துவாரம், நடுவில் யோனி, பின்னால் ஆசனவாய். மூத்திரத் துவாரத்துக்கும் மேலே, உதடுகள் போன்ற மடிப்புகள் சேரும் இடத்தில், பயறு போலத் தெரிவது கிளிட்டோரிஸ். நரம்பு நிறைந்த இடம், இன்ப உணர்வுக்கானது. ஆணுக்கோ மூத்திரமும் விந்தும் ஒரே குழாய் வழியாகத்தான் வரும்.

பெண்ணின் மூத்திரக் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர். ஆணுக்குச் சுமார் 20. அதனால்தான் நமக்கு மூத்திரக் கடுப்பு சீக்கிரம் வருகிறது. கிருமி நடக்க வேண்டிய தூரம் குறைவு. தோட்டத்தில் ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருந்தால் சொல்லவே வேண்டாம். கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள்.

“கட்டப்பனையில டாக்டரம்மா ‘முழ’ன்னு சொன்னாங்க. முழக் கணக்குல வளந்திருச்சா?”

பாவம், அந்த அக்கா இரண்டு ராத்திரி தூங்கவில்லை. மலையாளத்தில் ‘முழ’ என்றால் கட்டி. ‘கர்ப்பபாத்திரம்’ என்றால் நம்முடைய கர்ப்பப்பை. கர்ப்பப்பைத் தசையில் வரும் சாதாரணக் கட்டியை, அதாவது ஃபைப்ராய்டை, அந்த டாக்டர் சொல்லியிருக்கிறார். புற்றுநோய் அல்ல. அது புற்றாக இருப்பது மிக அபூர்வம். மாதவிலக்கு நின்ற பிறகு பெரும்பாலும் தானே சுருங்கும். தொந்தரவு இல்லாத சின்னக் கட்டியை ஸ்கேனில் கவனித்துக்கொண்டே இருக்கலாம். அதிக ரத்தப்போக்கோ, மூத்திரப்பையை அழுத்துவதோ இருந்தால்தான் வைத்தியம்.

அந்த அக்காவின் மகளுக்கு ‘நீர்க்கட்டி’ என்று கம்பத்தில் சொல்லியிருந்தார்கள். ‘அம்மாவுக்கு இருந்தது மகளுக்கும் வந்துருச்சு’ என்று அழுதார். அது வேறு உறுப்பு, வேறு விஷயம். இளம்பெண்களுக்குச் சொல்லும் நீர்க்கட்டி சினைப்பையில் இருப்பது. மாதாமாதம் சினைப்பையில் பல முட்டைப் பிஞ்சுகள் வளரத் தொடங்கி, ஒன்று மட்டும் சுமார் 2 சென்டிமீட்டர் வரை பழுக்கும். நம் ஊர்ப் பன்னீர் திராட்சை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஹார்மோன் சீராக இல்லாதபோது எதுவும் பழுக்காமல் பிஞ்சாகவே நின்றுவிடும். ஸ்கேனில் குட்டிக் குட்டி நீர்ப்பைகளாகத் தெரிவது அவைதான். வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. நடை, சாப்பாடு, எடை, தேவைப்பட்டால் மாத்திரை என்று போகிற வைத்தியம் அது.

“தீட்டு ரத்தம் கெட்ட ரத்தம்தானே? வெளிய போகாட்டி உடம்புக்குள்ள தேங்கிராதா?”

கெட்ட ரத்தம் என்று தனியாக ஒன்று உடம்பில் ஓடுவதில்லை. ஒவ்வொரு மாதமும் கரு வந்தால் தங்குவதற்காகக் கர்ப்பப்பையின் உள்சுவரில் மெத்தை போல ஒரு படலம் தடிக்கிறது. கரு வரவில்லை என்றால் ஹார்மோன் அளவு இறங்கும். மெத்தை பிய்ந்து, கொஞ்சம் ரத்தத்தோடு வெளியேறும். அவ்வளவுதான். கையில் கீறினால் வருகிற அதே ரத்தம்தான்.

எவ்வளவு போனால் சரி? ஒரு சுற்றுக்கு 30 முதல் 40 மில்லி சராசரி, அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி. 80 மில்லியைத் தாண்டினால் அதிகம். வீட்டில் அளந்து பார்க்கவா முடியும்? மணிக்கு ஒரு நாப்கின் நனைகிறது, பெரிய கட்டிகளாக விழுகிறது, ஏழு நாளுக்கு மேல் நீள்கிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் டாக்டரிடம் போங்கள். பெரியவர்களுக்கு 21 நாளிலிருந்து 35 நாளுக்குள் எப்போது வந்தாலும் இயல்புதான், 28 என்பது சராசரிக் கணக்கு. கர்ப்பத்தால் நின்றாலும், பால் கொடுப்பதால் நின்றாலும், வயதாகி நின்றாலும் எதுவும் தேங்காது. அப்போது மெத்தை தடித்துப் பிய்கிற வேலையே நடப்பதில்லை. வயதாகி ஒரு வருஷம் முழுக்க நின்றுபோன பிறகு திரும்ப ஒரு சொட்டுப் பட்டால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அந்த வாரமே காட்டுங்கள்.

“மாசத்துல எந்த நாளு சேந்தா பிள்ள நிக்கும்? எந்த நாளு நிக்காது?”

குழந்தை வேண்டுமென்பவர்களும் கேட்பார்கள், வேண்டாமென்பவர்களும் கேட்பார்கள். பழுத்த முட்டை சினைப்பையை விட்டு வெளியே வருவது, அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால். கடந்துபோன விலக்கிலிருந்து எண்ணுவது தப்பு. 28 நாள் சுற்று உள்ளவளுக்குப் பதினான்காம் நாள் வாக்கில், 35 நாள் சுற்று உள்ளவளுக்கு இருபத்தோராம் நாள் வாக்கில். வெளியே வந்த முட்டையைக் குழாயின் விரல்கள் வாரிக்கொள்ளும். அது உயிரோடு இருப்பது 12 முதல் 24 மணி நேரம். விந்தணுவோ உள்ளே ஐந்து நாள்வரை தாக்குப் பிடிக்கும். ஆக, முட்டை வருவதற்கு முந்தைய ஐந்து நாளும் அந்த நாளும்தான் வாய்ப்புள்ள நாட்கள்.

இரண்டும் சேர்வது கருக்குழாயில்தான். பிறகு கரு மெல்ல உருண்டு ஆறு ஏழு நாளில் கர்ப்பப்பை மெத்தையில் பதியும். சிலசமயம் குழாயிலேயே தங்கிவிடும். நாள் தள்ளிப்போனவளுக்கு அடிவயிற்றில் ஒருபக்கம் குத்துவலி, மயக்கம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், குழாய் வெடித்தால் உயிருக்கு ஆபத்து. இன்னொன்று, நாள் எண்ணிக் குழந்தையைத் தவிர்ப்பதை நம்பாதீர்கள். காய்ச்சல், மனக்கவலை, வேலைப்பளு எது வந்தாலும் கணக்கு நகரும்.

“வெள்ளப்படுறது எலும்பு உருகித்தானே வருது? அதான் இடுப்பு வலிக்குது.”

மலைக்கு இந்தப் பக்கம் ‘எலும்பு உருகுது’ என்கிறோம். அந்தப் பக்கம் ‘அஸ்தியுருக்கம்’ என்கிறார்கள். இரண்டு மொழியும் ஒரே பொய்யைச் சொல்கின்றன. எலும்புக்கும் யோனிக்கும் குழாய் எதுவும் இல்லை. கர்ப்பப்பை வாயும் யோனிச் சுவரும் தங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சுரக்கும் நீர் அது. முட்டை வருகிற நாட்களில் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல நீண்டு வரும். முன்பதிலில் சொன்ன வாய்ப்புள்ள நாட்களுக்கு உடம்பே காட்டுகிற அடையாளம் அது.

தயிர்த் திப்பி போல வந்து அரித்தாலோ, மீன் வாடை அடித்தாலோ, பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தாலோ தொற்று. மருந்துக்குக் கேட்கும். சோப்பு, டெட்டால் போட்டு உள்ளே கழுவாதீர்கள். அங்கே இருக்கிற நல்ல கிருமிகள் செத்து, கெட்டது வளரும். இடுப்பு வலிக்குப் பெரும்பாலும் காரணம் நாள் முழுக்கக் குனிந்து காய் எடுப்பதுதான்.

“ஆம்பளப் பிள்ளைக்கு விரை ஒண்ணு மேல ஒண்ணு கீழ தொங்குது. நோயா?”

இல்லை. இடது விரை கொஞ்சம் தாழ்ந்திருப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். விந்தணு உண்டாக உடம்புச் சூட்டைவிட 2, 3 டிகிரி குறைவாக வேண்டும், அதற்காகத்தான் விரைப்பை வெளியே தொங்குகிறது. குளிரில் சுருங்கி மேலே ஏறும், வெயிலில் தளர்ந்து இறங்கும். விரைக்குள் விந்தணு உருவாக இரண்டு மாதத்துக்கு மேல், ஏறக்குறைய 70 நாள் ஆகும். அப்புறம் விரையின் முதுகில் சுருண்டு கிடக்கும் ஒரு மெல்லிய குழாயில் முதிர்கிறது. அந்தக் குழாயைப் பிரித்து நீட்டினால் 6 மீட்டர், ஒரு சேலையை விரித்துப் போட்ட நீளம்.

இரண்டு விஷயத்தில் அம்மாக்கள் கவனமாக இருக்க வேண்டும். பிறந்த குழந்தைக்குப் பையில் விரை தட்டுப்படவில்லை என்றால் ஆறு மாதம்வரை பார்க்கலாம். அதற்கு மேல் தானாக இறங்குவது அரிது, டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இரண்டாவது, வளர்ந்த பையன் திடீரென்று விரையில் தாங்க முடியாத வலி, வாந்தி என்றால் விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். வெட்கப்பட்டுக் காலைவரை மறைத்த பையனுக்கு விரையை எடுக்க வேண்டியதாயிற்று, எனக்குத் தெரிந்தே.

“பையனுக்குத் தூக்கத்துல போயிருது. ஒரு சொட்டு விந்து அறுபது சொட்டு ரத்தமாமே, உடம்பு போயிராதா?”

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர் ஒட்டி, லாட்ஜில் ரூம் போட்டு உட்காருகிற வைத்தியர்கள் பரப்பிய கணக்கு இது. ஒரு தடவை வருவது 2 முதல் 5 மில்லி. அதில் பெரும்பகுதி மூத்திரப்பைக்குப் பின்னால் இருக்கும் விந்துப்பைகள் சுரக்கும் சர்க்கரை கலந்த நீர். மீதியில் பெரும்பங்கு புராஸ்டேட் சுரப்பி தருவது. விந்தணுவின் பங்கு நூற்றில் ஐந்துகூட இருக்காது. ரத்தத்திலிருந்து கடைந்தெடுப்பதெல்லாம் கிடையாது.

வயசுப் பையனுக்குத் தூக்கத்தில் போவது, பெண்பிள்ளை வயசுக்கு வருவது போலத்தான். அதற்கு நாம் சீர் வைக்கிறோம், இதற்கு அவன் ராத்திரியில் எழுந்து கைலியைத் துவைக்கிறான்.

“மருமகளுக்கு மூணும் பொண்ணு. அவ வயித்துல பையன் தங்க மாட்டேங்குது.”

முட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான். விந்தணுவில் பாதியில் எக்ஸ், பாதியில் ஒய். ஒய் போய்ச் சேர்ந்தால் பையன். இதை 1905-இல் கண்டறிந்தவர்களில் ஒருவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண் விஞ்ஞானி. வண்டுப் புழுவை வைத்து ஆராய்ந்தார். ஆக, கேட்க வேண்டுமென்றால் உங்கள் மகனைக் கேளுங்கள். அவனும் என்ன செய்வான், அவன் கையிலும் இல்லை. ஸ்கேனில் பார்த்துச் சொல்வது 1994-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம், மலைக்கு இரண்டு பக்கமும்.

“சைக்கிள் ஓட்டுனா கன்னித்திரை கிழிஞ்சிருமா? கல்யாணத்தன்னைக்கு ரத்தம் வரலைனா?”

காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். கன்னித்திரை என்ற பெயரே தப்பு. அது வழியை மூடுகிற திரை இல்லை. மூடியிருந்தால் மாதவிலக்கு எப்படி வெளியே வரும்? யோனியின் வாயில் ஓரமாக இருக்கும் மெல்லிய சதை விளிம்பு அது. ஒருத்திக்கு அகலம், ஒருத்திக்கு ஒட்டினாற்போல, சிலருக்குப் பிறவியிலேயே இருப்பதுகூடத் தெரியாது. விளையாட்டிலும் விரியலாம், முதல் உறவில் விரிந்து கொடுத்து ரத்தமே வராமலும் போகலாம். எந்த டாக்டராலும் அதைப் பார்த்து ஒரு பெண்ணின் கதையைச் சொல்ல முடியாது. பலாத்கார வழக்குகளில் செய்துவந்த இரண்டு விரல் சோதனை பெண்ணின் உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. 2022-இல் இன்னும் கடுமையாகச் சொன்னது.

“எங்க வீட்டுக்காரரு ஆபரேஷன் பண்ணிக்கிட்டா ஏலமூட்டை தூக்க முடியாதாமே? நானே பண்ணிக்கிறேன்.”

ஒவ்வொரு வீட்டிலும் பெண்தான் முன்வருகிறாள். ஆனால் ஆணுக்குச் செய்வதுதான் சுலபமானது. வயிற்றைத் திறப்பதில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, விரைப்பையின் தோலில் சின்னத் துளை வழியாக, விந்தணு மேலே ஏறும் இரண்டு குழாய்களைத் துண்டித்துக் கட்டுவார்கள். அன்றே வீட்டுக்கு வரலாம். ஒரு வாரம் மூட்டை தூக்காமல் இருந்தால் போதும். பலமும் மீசையும் ஆசையும் தருகிற ஹார்மோன் அந்தக் குழாயில் போவதில்லை, ரத்தத்தில் போகிறது. மேலே சொன்ன கணக்குப்படி விந்தில் விந்தணுவின் பங்கு கொஞ்சம்தான் என்பதால், அளவுகூடக் குறைந்ததாகத் தெரியாது. ஆனால் குழாயில் ஏற்கெனவே இருப்பது தீர மூன்று மாதம் ஆகும். அதுவரை வேறு பாதுகாப்பு வேண்டும். பிறகு பரிசோதனையில் விந்தணு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் எர்ணாகுளத்தில் 1971 ஜூலையில் நடந்த முகாமில், ஒரே மாதத்தில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் இதைச் செய்துகொண்டார்கள். பெண்ணுக்கான ஆபரேஷனில் கட்டுவது கருக்குழாயை. சினைப்பையும் கர்ப்பப்பையும் அப்படியேதான் இருக்கும், மாதவிலக்கும் வரும்.

“அடி இறங்கிருச்சு. எடுத்துட்டா நிம்மதிங்கிறாங்க.”

இடுப்புக்கூட்டின் அடியில் தொட்டில் போலத் தசைகள் இருக்கின்றன. பிரசவத்திலும் சுமை தூக்கியும் அவை தளர்ந்தால் கர்ப்பப்பை யோனிக்குள் இறங்கும். ஆரம்ப நிலையில், மூத்திரத்தை அடக்குவதுபோல அந்தத் தசைகளை இறுக்கி விடும் பயிற்சியே பலன் தரும். வளையம் வைத்துத் தாங்கலாம், தூக்கித் தைக்கலாம். எடுப்பது கடைசி வழிகளில் ஒன்று.

“எனக்கு எடுத்தாச்சு. சீட்டுல ‘டோட்டல்’னு போட்டிருக்கு. அப்ப எல்லாமே போச்சா?”

இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்த கேள்வி. கேட்டவருக்கு வயது 38. ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷம். எதை எடுத்தார்கள் என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ‘இனி நான் பொம்பளையே இல்ல’ என்று முடிவு செய்திருந்தார்.

‘டோட்டல் ஹிஸ்டரக்டமி’ என்றால் கர்ப்பப்பையும் அதன் வாயும் மட்டும். ‘முழுசாக’ என்பது கொய்யாவைக் காம்போடு எடுத்ததைச் சொல்கிறது, சினைப்பையைச் சொல்லவில்லை. ‘சப்டோட்டல்’ என்றிருந்தால் வாயை விட்டுவிட்டார்கள், அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடர வேண்டும். சினைப்பையை எடுத்திருந்தால் ‘ஊஃபரெக்டமி’ என்று தனியாக எழுதியிருக்கும். முன்னால் ‘பைலேட்டரல்’ என்றிருந்தால் இரண்டு பக்கமும், ‘யூனிலேட்டரல்’ என்றால் ஒரு பக்கம்.

சினைப்பை இருந்தால் ஹார்மோன் இருக்கும். மாதவிலக்கு மட்டும்தான் வராது, மெத்தை போடக் கட்டில் இல்லாததால். சிலருக்கு மெனோபாஸ், அதாவது வயதாகிச் சினைப்பை வேலையை நிறுத்துவது, கொஞ்சம் முன்னதாக வரலாம். இரண்டு சினைப்பையும் போயிருந்தால் கதை வேறு. மெனோபாஸ் ஒரே நாளில் வந்துவிடும்: திடீர் வியர்வை, தூக்கமின்மை, எலும்பு தேய்வது. இளவயதென்றால் ஹார்மோன் மாத்திரை வேண்டுமா என்று டாக்டரைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டைத் தொலைக்காதீர்கள்.

அந்த அக்கா சீட்டை ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்தார். லோயர் கேம்ப் தாண்டி ஜீப் மலை ஏறும்போது வெளிச்சம் வந்ததும் விரித்துப் படித்தேன். ஊஃபரெக்டமி என்ற சொல் எங்குமே இல்லை. ‘இரண்டு சினைப்பையும் உங்ககிட்டத்தான் இருக்கு’ என்றேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.